பாய்தான் விதி

காற்றைத் திருப்ப முடியாது, பாயைத்தான் திருப்பிக்கொள்ள முடியும் என்றொரு பொன்மொழி, சூரியோதயப் படத்தோடு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வந்து விழுகிறது. காற்று விதியாம், பாய் நம் முயற்சியாம். அனுப்புகிறவர்கள் யாரும் பாய் வாங்கியதில்லை. நான் இப்போது வாங்கிக்கொண்டிருக்கிறேன். பாய் அப்படி ஒன்றும் நம் கைக்கு அடங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

என்னுடையது கேட்டலினா 30 என்ற பாய்மரப் படகு. கலிஃபோர்னியாக்காரர் ஃபிராங்க் பட்லர் 1970-களில் வடிவமைத்தது. 6,000-க்கும் மேல் கட்டினார்கள். நீளம் முப்பதடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில், அலமீடாவில் கட்டிவைத்திருக்கிறேன். அதன் முன்பாய் தீர்ந்துபோய்விட்டது. கிழியவில்லை. டாக்ரான் பாய்க்கு மூப்பு வேறு விதமாக வரும். தையல் நூல் வெயிலில் இற்றுப்போகும். துணி இழுபட்டு, பாயின் வயிறு பின்பக்கம் தள்ளிப்போகும். அப்புறம் காற்றின் விசை படகை முன்னே செலுத்துவதை விட்டுப் பக்கவாட்டில் சாய்க்கத் தொடங்கும். கரையில் நின்று பார்ப்பவருக்குப் பாய் நிறைந்து அழகாகத்தான் இருக்கும்.

பாய் தைக்கும் அம்மாள் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்னால் கேட்டது இரண்டே கேள்வி: எந்த மாதங்களில் போவீர்கள், யாரோடு போவீர்கள்?

முன்பாயின் அளவைச் சதவீதத்தில் சொல்வார்கள். பாய்மரத்துக்கும், முன்கம்பி வந்து தளத்தில் இறங்கும் இடத்துக்கும் நடுவே என் படகில் பதினொன்றரை அடி. பாயின் முன்விளிம்புக்குச் செங்குத்தாகப் பின்மூலை வரை அளந்தால் அதே பதினொன்றரை அடி வருவது நூறு சதவீதப் பாய். 150 என்றால் 17 அடியைத் தாண்டும். பாய்மரத்தைக் கடந்து பின்னால் வந்துவிடும். இளங்காற்றில் ஜெனோவா எனப்படும் அந்தப் பெரிய முன்பாய்தான் படகுக்கு உயிர். ஆனால் இங்கே கோடை மதியங்களில் இளங்காற்று கிடையாது. உள்நாட்டுச் சமவெளி கொதித்துக் காற்று மேலே எழ, பசிபிக்கின் குளிர்காற்று கோல்டன் கேட் இடுக்கு வழியே உள்ளே பாயும். 20, 25 நாட் வேகம் சாதாரணம். புயலில்லாத ஜனவரி நாளில் அதே இடத்தில் ஐந்து நாட் இருந்தால் பெரிது. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஐந்து நாட் காற்றுக்குத் தைத்த பாயை இருபதில் விரித்தால் விசை பதினாறு மடங்கு.

பெரிதாகத் தைத்துவிட்டு, காற்று ஏறும்போது சுருட்டிக்கொண்டால் ஆயிற்று என்று தோன்றும். முன்கம்பியில் சுருளும் ஃபர்லர் இருக்கிறதே! சுருட்டலாம்தான். முன்விளிம்பில் நுரைப்பட்டை வைத்துத் தைத்தால் வயிறு ஓரளவு தட்டையாகவும் செய்யும். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டினால் பாய் பாயாக இருக்காது. முன்விளிம்பு தடித்துவிடும், அடிவிளிம்பு மேலேறும், நடுவே பை தொங்கும்; காற்றை எதிர்த்துச் செல்லும் திறன் போய்விடும். பாயைத் திருப்பிக்கொள்ளலாம் என்ற பொன்மொழிக்கு இங்கே ஓர் எல்லை வருகிறது. அந்த எல்லையைப் போடுவது காற்று அல்ல. தைக்கக் கொடுத்த நாளில் நானே போட்டுக்கொள்வது அது.

ஊழைப் பற்றி யோசிக்கும்போது நாம் தவறவிடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். திருக்குறளில் 380-வது குறள் ஊழை விடப் பெரிய வலிமை எது என்று கேட்கிறது. 620-வது குறள், தளராமல் உழைப்பவர் ஊழையே புறங்காட்டி ஓடச் செய்வார் என்கிறது. இரண்டும் அந்தந்த அதிகாரத்தின் கடைசிக் குறள். பட்டிமன்றத்துக்கு இதைவிட வசதியான தலைப்பு கிடையாது. ஆனால் ஊழும் முயற்சியும் எதிரெதிரே நிற்கும் இரண்டு பேர் என்று எடுத்துக்கொண்டால்தானே சண்டை? நேற்றைய முயற்சி உறைந்து போனதுதான் இன்றைய ஊழ் என்றால், அவர்கள் ஒரே ஆள்; வயதுதான் வேறு.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது நுகர்வது பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். இன்னொன்றும் சொல்கிறது: வினை சடம். அதற்கு அறிவில்லை, தானாக வந்து செய்தவனைப் பற்றாது. ஊட்டுவிக்க ஒருவன் வேண்டும். அதனால்தான் அங்கே இறைவன் தேவைப்படுகிறான். பெட்டிக்குள் மடித்து வைத்த பாயைப் பார்க்கும்போது இந்த வாதம் எனக்கு விளங்குகிறது. பாய் சும்மா கிடக்கும் துணி. காற்று வந்து அதை நிரப்பும்போதுதான் நான் என்ன தைத்தேன் என்பது எனக்கே தெரிகிறது. ஆக, பொன்மொழி உவமையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. காற்று விதி அல்ல, விதியை ஊட்டுவது. விதி, பாய்.

இதோடு சித்தாந்தத்துக்குத் தலையாட்டிவிட்டு எழுந்துவிடலாம் என்றால், படகு விடமாட்டேன் என்கிறது. அவரவர் வினை அவரவர்க்கு என்கிறார்கள். என் படகின் பெரும்பாய் சுமார் 200 சதுர அடிதான், வலுவெல்லாம் முன்பாயில். ஏன்? 1970-இல் நடைமுறைக்கு வந்த ஐ.ஓ.ஆர். என்ற பந்தய அளவை விதி, 150 சதவீதம் வரை முன்பாய்க்குக் கூடுதல் தண்டம் விதிக்கவில்லை. வடிவமைப்பாளர்கள் பெரும்பாயைச் சுருக்கி முன்பாயைப் பெருக்கினார்கள். பந்தயத்துக்கே போகாத குடும்பப் படகுகளும் அந்தக் காலத்து உடலோடு பிறந்தன. அந்த விதி வழக்கொழிந்து முப்பதாண்டு ஆகிறது. அதை எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. ஆனாலும் முன்பாய்க் கயிற்றை இழுக்கும் வின்சைச் சுற்றி வலிப்பது என் தோள்பட்டை. யார் செய்த வினை இது?

வாங்கியது நீதானே, அதனால் உன் வினை என்று சித்தாந்தி சொல்லக்கூடும். பாதிதான் சரி. விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது அந்த விதியையும் சேர்த்து ஏற்றேன், உண்மை. ஆனால் ஏற்றதால் எனதானது வேறு, செய்ததால் எனதானது வேறு. பிறந்த வீடு, தாய்மொழி, அப்பாவின் கடன், ஊரின் சாதி எல்லாம் முதல் வகை. அவற்றையும் நீயே முற்பிறவியில் சம்பாதித்தாய் என்று சொல்லும்போது அந்தக் கணக்கு துன்பப்படுகிறவனைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்வது வேறொன்று: இந்தப் படகை எனக்குப் பின் வாங்குபவருக்கு நான் தைக்கும் பாயும் ஊழாகத்தான் போய்ச் சேரும். வினைக்கு வாரிசு உண்டு. முற்பிறவிக் கணக்கை விட இது என்னை அதிகம் பொறுப்பாக்குகிறது.

அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். அங்கே பதில் சொல்ல வாய் திறந்தது நான் அல்ல, எனக்குள் ஹவாய்க்குக் கிளம்பக் காத்திருக்கும் ஓர் இளைஞன். எல்லாக் காற்றுக்கும் ஆகிற மாதிரி, நீண்ட பயணத்துக்குத் தாங்குகிற மாதிரி என்று ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்த என் மனைவி தமிழில் சொன்னாள்: "என்னங்க, சனிக்கிழமை மத்தியானம் ஏஞ்சல் தீவுக்குப் போய் டீ குடிச்சிட்டுத் திரும்புவோம். அதுவும் படகு சாயாம இருந்தா வருவேன்."

முயற்சி என்பதை நாம் காற்று அடிக்கும்போது காட்டும் வீரமாகவே பேசிப் பழகிவிட்டோம். அப்போது மிஞ்சியிருப்பது கொஞ்சம் சுருட்டுவது, கொஞ்சம் தளர்த்துவது. முழுச் சுதந்திரத்துக்கு மிக அருகில் நான் நின்றது காற்றே இல்லாத அந்தத் தையல் கூடத்தில்தான். அங்கே தேவைப்பட்டது வீரம் அல்ல. நான் யார், எப்போது, யாரோடு போகிறவன் என்பதில் பொய் சொல்லாமல் இருப்பது.

110 சதவீதம் சொல்லிவிட்டேன். டாக்ரான் துணி, குறுக்குத் தையல், நுரைப்பட்டை, எதிரே வருவது தெரியும்படி சற்றே உயர்ந்த பின்மூலை. ஆகஸ்டில் அதைச் சுருட்ட வேண்டிய தேவை அநேகமாக இராது. ஜனவரியில் படகு ஊரும். பக்கத்துப் படகுகள் தாண்டிப் போகும். அன்று காற்று போதவில்லை என்று குறைசொல்லும் உரிமையை, முன்பணத்தோடு சேர்த்து அந்த மேசையிலேயே கொடுத்துவிட்டேன்.