பலர் நலனும் ஒருவர் ஊறும்

கி.பி. 1760ஆம் ஆண்டிலே பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன்னிலையில் தானியேல் பேணூயி என்னும் கணித அறிஞர் ஒரு கணக்கை வைத்தார். பெரியம்மைக்குக் காப்பாக, நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழை நலமுள்ளவரின் தோலிற் கீறிச் செலுத்தும் வழக்கம் அப்போது ஐரோப்பாவிற் பரவி வந்தது. அவ்வாறு செய்துகொள்வோருள் இருநூற்றுவர்க்கு ஒருவர் அதனாலேயே இறந்துபடுவர் எனக் கொள்ளினும், யாவரும் அதனை ஏற்பின் மக்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கூடும் என்பது அவர் கண்ட முடிபு. தலம்பேர் என்னும் மற்றோர் அறிஞர் அம்முறையின் பயனை ஒப்புக்கொண்டார். ஆயினும், அரசின் நோக்கும் தனிமனிதனின் நோக்கும் ஒன்றல்ல என்று தடை எழுப்பினார். ஆயுளின் இறுதியிற் சேரவிருக்கும் மூன்று ஆண்டுகள் அரசின் கணக்கிற் பேரிலாபம். அடுத்த சில நாள்களில் இறக்க நேரலாம் என்னும் அச்சத்தோடு கையை நீட்டுபவனுக்கு அது அத்துணை எளிய கணக்கன்று.

இருநூற்று அறுபது ஆண்டுகள் கடந்தும் இத்தடைக்கு நிறைவான விடை கிடைத்துவிட்டதெனக் கூறுதல் அரிது. தடுப்பூசி வேண்டுமா என்பது இங்கு வினாவன்று. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. இலங்கையில் 1993க்குப் பின்னர் இளம்பிள்ளை வாதத்தால் எந்தப் பிள்ளையும் முடமாகவில்லை. பலர் நலன் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட பின்னரும் எஞ்சி நிற்பது அந்த ஒருவரைப் பற்றிய வினா. ஊசி ஏற்றிய சில வாரங்களில் கால் தளர்ந்து படுத்தவருக்கு, ஊசியாற் காக்கப்பட்ட ஏனையோர் என்ன கடமைப்பட்டுள்ளனர்?

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலை ஒட்டி நீளும் முஸ்லிம் ஊர்களில் இவ்வினா எழும்போது மூவகை மறுமொழிகள் கேட்கக் கூடியன. ‘ஊசிதான் ஆளை விழுத்திற்று’ என்பது கடைத்தெருவின் மறுமொழி. ‘அல்லாஹ்வின் நாட்டம், களா கத்ரை யார் மாற்றுவது’ என்பது நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் மூத்தோரின் மறுமொழி. ‘இது மிக மிக அரிது’ என்பது மருத்துவத் துறையின் மறுமொழி. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் மூன்றும் ஒரே காரியத்தைச் செய்கின்றன: பேச்சை அத்தோடு முடித்துவிடுகின்றன.

‘அரிது’ என்பதன் அளவு யாது? கியான்–பரே எனப்படும் நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் ஆள் மாறித் தன் நரம்புகளையே தாக்குகின்றது. தளர்ச்சி காலிற் தொடங்கி மேலேறுகின்றது. பெரும்பாலோர் மெல்ல மெல்லத் தேறுகின்றனர், சிலர் தேறுவதில்லை. தடுப்பூசி எதுவும் இன்றியே ஆண்டுதோறும் இலட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு இது வருவதுண்டு. எனவே நான்கு இலட்சம் மக்கள் வாழும் ஒரு கரையோரப் பிரதேசத்தில், ஊசி ஏற்றாத ஆண்டிலும் நால்வர் முதல் எண்மர் வரை இவ்வாறு நோயுறலாம். ஊரே திரண்டு ஊசி ஏற்றிக்கொண்ட ஆண்டில் அவர்களுட் பலர் ஊசி ஏற்றியோராகவே இருப்பர். எவருக்கு ஊசியால் வந்தது, எவருக்குத் தானாக வந்தது என்பதைத் தனியொருவரின் உடலைப் பார்த்துத் துணிதல் பெரும்பாலும் இயலாது. ஊசிக்கும் இதில் பங்குண்டு என்பதோ மறைக்கத்தக்கதன்று. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்காக ஏறத்தாழ நான்கரைக் கோடி மக்களுக்கு ஊசி ஏற்றியபோது, இலட்சத்துக்கு ஒருவர் அளவில் இந்நோய் மிகுந்ததென அறியப்பட்டு அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அஸ்ட்ராசெனிகா நிறுவனத்தின் கொவிட் தடுப்பூசி 2021 யூலை இறுதியளவில் உலகெங்கும் ஏறத்தாழ 59 கோடி தடவைகள் ஏற்றப்பட்டிருந்தது. இந்நோய் கண்டதாக அறிவிக்கப்பட்டோர் 833 பேர். ஐரோப்பிய மருந்து முகவரகம் அதனை மிக அரிய பக்கவிளைவாகக் குறித்துக்கொண்டது.

ஊறு எப்போதும் இத்துணை அரிதாக இருந்ததில்லை என்பதையும், அது எவர் தலையில் விழுந்தது என்பதையும் விசர்நாய்க்கடி ஊசியின் வரலாறு காட்டும். இன்றைய முதியோர் வயிற்றிலே நாள் தவறாது ஏற்றிய அந்த ஊசியை மறந்திரார். கசௌலியிலிருந்த ஆய்வு நிலையத்தில் டேவிட் செம்பிள் 1911இல் வகுத்த முறைப்படி, நோய்க்கிருமியை ஆட்டு மூளையில் வளர்த்துப் பின் கொன்று தயாரிக்கப்பட்டது அம்மருந்து. ஆட்டு மூளையிலுள்ள நரம்புறைப் பொருள் மனித நரம்புறையை ஒத்ததாதலின், மருந்தை எதிர்த்தெழுந்த உடல் தன் மூளையையும் முண்ணாணையும் தாக்குதல் நேர்ந்தது. இவ்வூறு சில நூறு பேருக்கு ஒருவர் முதல் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் வரை எனப் பலவாறு பதிவாகியுள்ளது. அந்நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் இல்லையென்றே சொல்லலாம். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் அதனால் மாண்டனர். ஆகவே கடியுண்டவருக்கு வேறு வழி இல்லாத காலத்தில் அவ்வூசியை ஏற்றியது அறமே.

வேறு வழி பிறந்தபின் நடந்தது அத்தகையதன்று. உயிரணு வளர்ப்பில் ஆக்கிய பாதுகாப்பான ஊசி, ஈரானில் ஓநாய்களாலும் நாய்களாலும் கடியுண்ட 45 பேருக்கு ஏற்றப்பட்டு அனைவரும் பிழைத்த செய்தி 1976இல் வெளிவந்தது. ஆட்டு மூளை ஊசியைக் கைவிடுமாறு உலகச் சுகாதார நிறுவனம் 1984 முதல் வலியுறுத்தி வந்தது. இந்தியா அதனைக் கைவிட்டது 2004இன் இறுதியில். இடைப்பட்ட காலத்தில் காசுள்ளோர் புதிய ஊசியை விலைக்கு வாங்கினர். அரசாங்க வைத்தியசாலை வாசலில் நின்றோருக்குப் பழையது இலவசமாகக் கிடைத்தது. பேணூயியின் கணக்கில் இருநூற்றுவருள் எவர் அந்த ஒருவர் என்பது குருட்டுச் சீட்டு. இங்கோ சீட்டுக் குலுக்குமுன்னரே வறியோரின் பெயர் மட்டும் எழுதிப் போடப்பட்டது.

ஊறு பற்றிய உண்மையைச் சொன்னால் மக்கள் மிரண்டு ஊசியைத் தவிர்ப்பர் என்று அஞ்சுவோர் உளர். 2021 ஏப்ரலில் சுகாதார அமைச்சர், ஊசி ஏற்றியோருள் அறுவருக்கு இரத்தக்கட்டு ஏற்பட்டதையும் அவர்களுள் மூவர் இறந்ததையும் பாராளுமன்றத்திலே கூறினார். அதற்குப் பின்னரும் நாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் வரிசையில் நின்றனர். நம்பிக்கையைக் குலைப்பது வேறு. 2020 ஏப்ரல் முதல் மறு ஆண்டு பெப்ரவரி வரை, கொவிட்டால் இறந்தோரை அடக்கம் செய்யலாம் என உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் விஞ்ஞானத்தின் பெயரால் எரிக்கப்பட்டன. அக்கரைப்பற்றுப் பகுதி தனிமைப்படுத்தப்பட்டிருந்த 2020இன் இறுதி நாள்களில், நோயைக் காட்டிலும் எரிப்பை அஞ்சிய மனங்கள் இக்கரையில் எத்தனை! அதே விஞ்ஞானத்தின் பெயரால் அடுத்த சில மாதங்களில் ‘கையை நீட்டுங்கள்’ என்று கேட்கப்பட்டது. எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 யூலையில். அச்சம் எங்கிருந்து வந்ததென ஆராய்வோர், அதனை மக்களின் அறியாமைக் கணக்கில் எழுதுமுன் இத்தேதிகளையும் பார்த்தல் தகும்.

இனி, நேர்ந்த ஊறுக்கு ஈடு யாது என்னும் பகுதிக்கு வருவோமாயின், தமிழ் மரபில் முதலில் நினைவுக்கு வருவது தேர்க்காலில் அகப்பட்ட கன்று. திருவாரூர்ச் சோழனைப் பற்றித் தமிழர் சொல்லும் அக்கதையை எல்லாளனைப் பற்றி மகாவம்சமும் சொல்கின்றது. அறியாது செய்த கொலைக்கும் மன்னன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டான். நீதியின் உயர்வுக்கு அது சான்றாகலாம். ஆயினும் மகன் இறந்ததனாற் பசுவுக்குக் கிடைத்தது என்ன? குற்றவாளியைத் தேடும் நீதி, குற்றவாளி இல்லாத இடத்திற் செயலற்றுப் போகின்றது. ஊசி ஏற்றிய தாதியோ, திட்டத்தை நடத்திய சுகாதார வைத்திய அதிகாரியோ, ஏற்றிக்கொண்டவரோ எவரும் குற்றம் செய்தாரல்லர்.

இஸ்லாமியச் சட்டவியல் இவ்விடத்தில் வேறொரு வழியை வைத்திருக்கின்றது. தவறுதலாக நேர்ந்த கொலைக்குப் பழிக்குப்பழி இல்லை. ‘தியத்’ எனப்படும் ஈட்டுத்தொகை உண்டு. அதனைச் செலுத்துவோர் ‘ஆகிலா’ எனப்படும் தந்தைவழி உறவினர். ஒருவர்மீதும் பெருஞ்சுமை விழாதவாறு மூன்று ஆண்டுகளிற் பகிர்ந்து செலுத்துவர். உறவினர் இல்லையேல் அப்பொறுப்பு பொதுக் கருவூலமாகிய பைத்துல் மாலைச் சாரும். (தாய்வழிக் குடிமுறையும் குடிக்கொரு மரைக்காயரும் உள்ள இக்கரையிலே தந்தைவழிக் கூட்டத்தைத் தேடிப் பிடிப்பது எளிதன்று என்பது வேறு.) நேர்மையாகச் சொன்னால், தியத்தின் சட்டம் அப்படியே ஊசிக்குப் பொருந்தாது: தொழில் கற்ற வைத்தியன் இசைவு பெற்றுச் செய்த சிகிச்சையின் விளைவுக்கு அவனைப் பொறுப்பாளியாக்குவதை அச்சட்டவியலார் ஏற்பதில்லை. ஆயினும் ஆதாயம் எவருக்கோ, இழப்பும் அவருக்கே என்னும் நியதி அதே சட்டவியலில் உள்ளது. தடுப்பூசியின் ஆதாயம் ஊர் முழுவதற்கும் உரியது. ஏற்றிக்கொள்ளாதவரும் அதன் நிழலில் வாழ்கின்றனர்.

மேலைநாட்டுச் சட்டமும் சுற்றிச் சுற்றி இவ்விடத்துக்கே வந்தது. 1953இல் மேற்கு ஜெர்மனியின் உயர் நீதிமன்றம், கட்டாய அம்மைத் தடுப்பால் ஊறுற்றவர் பொதுநலனுக்காகத் தனியொரு தியாகம் செய்தவராவார். ஆதலின் அரசு ஈடு செய்தல் வேண்டும் என்று தீர்த்தது. பிரித்தானியா 1979இல் தனிச்சட்டம் இயற்றிப் பத்தாயிரம் பவுண் வழங்க முன்வந்தது. இந்திய ஒன்றிய அரசோ, கொவிட் ஊசிக்குப்பின் நேர்ந்த இறப்புகளுக்குத் தான் ஈடு செய்யக் கடமைப்பட்டதன்று என 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வாக்குமூலம் அளித்தது. ஊசி ஏற்றுதல் கட்டாயமன்று என்பது அது காட்டிய காரணங்களுள் ஒன்று. வீடு வீடாகச் சென்று அழைத்தபின் அக்காரணம் எவ்வளவு தூரம் நிற்கும்?

நிரூபணமே இறுதித் தடையாக வந்து நிற்கும். ஊசியால் வந்த தளர்ச்சி இது, தானே வந்த தளர்ச்சி இது எனப் பிரித்துக் காட்டாதவரை எவருக்கு ஈடு வழங்குவது என்பர். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபு ஒப்பாத, ஆனால் ஹனபி மத்ஹபில் நிலைபெற்ற ஒரு விதி இதன் தொடர்பிற் கருதத்தக்கது. ஓர் ஊரின் எல்லைக்குள் கொலையுண்ட உடல் ஒன்று கிடக்கின்றது. கொன்றவன் யாரெனத் தெரியவில்லை. அவ்வூரார் ஐம்பதின்மர் முன்வந்து, தாம் கொல்லவுமில்லை, கொன்றவனை அறியவுமில்லை எனச் சத்தியம் செய்தல் வேண்டும். சத்தியம் ஏற்றுக்கொள்ளப்படும், எவர்மீதும் பழி சுமத்தப்படமாட்டாது. அதன் பின்னரும் ஈட்டுத்தொகையை அவ்வூராரே செலுத்துவர்.