தேதி குறிப்பிடாமல்

சட்டசபைச் செய்தியில் ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு’ என்று போடுவார்களே, அதற்கு லத்தீனில் ‘சைனி டை’ என்று பெயர். நாள் இல்லாமல் என்று அர்த்தம். சபையை அப்படி ஒத்திவைத்தால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. 1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு மனுஷனையே அப்படி ஒத்திவைத்தது.

வில்லி வுட்பர்ன். கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் அணியின் சென்டர் ஹாஃப். இப்போது சென்டர் பேக் என்கிறோமே, அந்த இடம். 1919-இல் எடின்பரோவில் பிறந்தவர். 1937-இல் ரேஞ்சர்ஸில் சேர்ந்து, காலூன்றுகிற சமயத்தில் போர் வந்துவிட்டது. 1939 செப்டம்பரில் லீக்கையே நிறுத்தினார்கள். போர்க்காலத்தில் வட்டார லீக்குகள் நடந்தன, ஜனம் பார்த்தது. ஆனால் அந்த ஆட்டங்கள் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறவில்லை. இருபதிலிருந்து இருபத்தேழு வரை, ஒரு ஆட்டக்காரனின் கால் சொன்னபடி கேட்கிற வயசெல்லாம் அதிலேயே போயிற்று. ஒரு குற்றமும் செய்யாமலே கிடைத்த தண்டனை அது. யாரிடம் அப்பீல் போடுவது?

1947-இல்தான் முதல்முறை நாட்டுக்காக ஆடினார், வெம்ப்ளியில். பிரவுன், ஜார்ஜ் யங், ஜாக் ஷா, மெக்கால், வுட்பர்ன், காக்ஸ் என்ற ரேஞ்சர்ஸின் ஆறு பேர் தடுப்புக்கு ‘இரும்புத்திரை’ என்று பெயர் விழுந்தது. 1948-49 பருவத்தில் லீக், இரண்டு கோப்பை, மூன்றும் ரேஞ்சர்ஸுக்கு. ஆனால் வுட்பர்னுக்குக் கோபம் மூக்கு நுனியில். முதலில் 14 நாள் தடை, அப்புறம் 21 நாள், அப்புறம் ஆறு வாரம். 1954 ஆகஸ்டில் ஸ்டர்லிங் ஆல்பியனுடன் ஆட்டம், ரேஞ்சர்ஸ் ஜெயித்துக்கொண்டிருக்கிறது, முடியப்போகிற நேரம். ஏற்கெனவே நொந்திருந்த முழங்காலில் எதிரணிப் பையன் ஒருவன் வந்து விழ, இவர் தலையால் முட்டிவிட்டார்.

விசாரணை நான்கு நிமிஷம் நடந்ததாகச் சொல்வார்கள். வயது முப்பத்தைந்து. தண்டனை: நாள் இல்லை.

நான் வேதக்கார வீட்டுப் பிள்ளை, அப்பா உபதேசியார். ஓய்வுநாள் பள்ளியில் அணையாத தீயைப் பற்றிக் கேட்டு, ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கவே பயந்தவன். எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைமார் ஆச்சி சொல்வாள், "எங்க நரகத்துல கணக்கு முடிஞ்சா அனுப்பிருவாங்கடே." அளவுள்ள தப்புக்கு அளவில்லாத தண்டனை எப்படி நியாயமாகும் என்று அப்பாவிடம் கேட்டேன். தப்பு சின்னது, ஆனால் யாருக்கு விரோதமாகச் செய்தாய் என்று பார் என்றார். அந்தப் பதில் அன்றைக்கும் எனக்கு இறங்கவில்லை. வுட்பர்ன் எந்தக் கடவுளுக்கு விரோதமாக முட்டினார்?

உடனே நினைவுக்கு வருவது என் கையெழுத்துதான். பி.டி. மாஸ்டராக இருந்தபோது ஒழுங்குக் கமிட்டியில் நானும் உண்டு. பதினொன்றாம் வகுப்புப் பையன், எங்கள் டீமின் ஸ்டாப்பர், வுட்பர்ன் ஆடிய அதே இடம். வெளியூர் ரெஃப்ரியைப் பிடித்துத் தள்ளிவிட்டான். பியூன் தட்டில் கொண்டுவந்த வடை ஆறுவதற்குள் முடித்துவிட்டோம். ‘காலவரையின்றி’ என்று எழுதச் சொன்னதே நான்தான். ஒரு வருஷம் என்று போட்டால் கடுமையாகத் தெரியுமே என்று நினைத்தேன். எவ்வளவு தலைகீழான புத்தி! ஒரு வருஷம் என்றால் பையன் காலண்டரில் கோடு கிழித்துக்கொண்டிருப்பான். நாள் இல்லாதவன் எங்கே கோடு கிழிப்பான்?

வுட்பர்னின் தடையை 1957 ஏப்ரலில் நீக்கினார்கள். அப்போது அவருக்கு முப்பத்தேழு. மன்னிப்பு வந்தது, ஆட வேண்டிய கால் போய்விட்டது. கடவுளுக்கு ஆயிரம் வருஷம் ஒரு நாள் மாதிரி இருக்கலாம். முழங்காலுக்கு அப்படி இல்லை.

எங்கள் பையனுக்கும் இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் போயிற்று. நானே கொண்டுபோனேன். லேத் பட்டறையில் நின்றிருந்தான். கை கிரீஸைப் பழந்துணியில் துடைத்துவிட்டு, கடிதத்தை முழுசாக வாசித்தான். நாலாக மடித்து மேல்பையில் வைத்தான்.

"சார், அந்தக் கிழிஞ்ச நெட்ட மாத்திட்டாங்களா?"

இல்லை என்றேன்.