நடுக்கடலில் ஒரு நாள்

குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போய் வரலாமா? இந்தக் கேள்வி இப்போது நம்மவர் இல்லங்களிலும் எழத் தொடங்கியிருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து இத்தகைய பயணம் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் புனித பூமியின் வாசலான ஜித்தாவிலிருந்தே, மது இல்லாத உல்லாசக் கப்பலொன்று செங்கடலில் புறப்பட்டது. ஆகவே இது யாரோ வேற்றார் செய்யும் காரியம் என்று ஒதுக்கிவிட முடியாத நிலையில் இருக்கிறோம்.

கேள்விக்குச் சுருக்கமான விடை உண்டு. மனைவி மக்களோடு மகிழ்ந்திருப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பணம் ஹலாலானதாக இருக்க வேண்டும். கடன் வாங்கிப் போகலாகாது. வீண் விரயம் கூடாது. ஹராமான சபைகளில் அமரக் கூடாது. தொழுகை தவறக் கூடாது. இவற்றைப் பேணினால் பயணம் ஆகுமானதே.

ஆனால் விடை இத்துடன் முடிந்துவிடுவதில்லை. 'போகலாமா?' என்ற கேள்விக்குப் பின்னால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று நிற்கிறது. அதைத்தான் இங்கே சற்று ஆராய வேண்டும்.

சட்டம் நிற்கும் இடம்

இப்பயணங்களில் சில நாட்கள் கப்பல் ஏதேனும் ஊரில் நிற்கும். சில நாட்கள் எங்கும் நிற்காமல் விடிந்தது முதல் நள்ளிரவு வரை கடலிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரை தெரியாது. அந்த நாளில்தான் கப்பலுக்குள் ஆரவாரம் மிகுதி. நீச்சல் குளம், ஆடல் பாடல், ஓயாத விருந்து என்று வேளைக்கு வேளை நிகழ்ச்சிகள் வகுத்திருப்பார்கள்.

அந்த நாளில் இன்னொன்றும் நடக்கும். துறைமுகத்தில் நின்றபோது பூட்டிக் கிடந்த சூதாட்டக் கூடம் திறக்கப்படும். ஏன்? 1982ஆம் ஆண்டு உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரைதான். அதற்கப்பால் சென்ற கப்பலில், அது எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டிருக்கிறதோ அந்த நாட்டின் சட்டமே செல்லும். கரையில் குற்றமாக இருந்தது 12 மைல் தாண்டியதும் குற்றமில்லாததாகிவிடுகிறது!

மனிதன் போட்ட சட்டத்துக்கு எல்லை இருப்பது இயல்பே. நாம் சிந்திக்க வேண்டியது வேறு. அந்த 12 மைலைத் தாண்டும்போது நின்றுவிடுவது நாட்டுச் சட்டம் மட்டும்தானா?

தரையில் நாம் நேராக நடப்பதற்கு எத்தனையோ துணைகள் இருக்கின்றன. ஐவேளையும் பாங்கோசை நம்மைத் தட்டி எழுப்புகிறது. 'இன்று பள்ளியில் காணோமே' என்று விசாரிக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் இருக்கிறார். மஹல்லாவின் நாலு கண்கள் நம்மீது இருக்கின்றன. வீட்டுப் பெண்கள் முக்காட்டைச் சரி செய்வதும், வாலிபர்கள் சிகரெட்டை மறைப்பதும் பல வேளைகளில் அந்தக் கண்களுக்காகவே. நடுக்கடலில் இவற்றில் ஒன்றும் இல்லை. பாங்கு கேட்காது. தெரிந்த முகம் எதுவும் எதிர்ப்படாது. அந்த நாளில் நம்மிடம் மிஞ்சுவது எதுவோ, அதுவே நமக்குச் சொந்தமான தீன். மற்றதெல்லாம் ஊர் நமக்கு இரவல் தந்தது.

அச்சமும் போய்விட்டது

முற்காலத்துச் சபராளிகளுக்கு ஊர்க் கண்கள் இல்லாவிட்டாலும் கடலின் அச்சம் இருந்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் முன்னோர் போனார்கள். ஹாஜிமார்கள் பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேறுவது 1995ஆம் ஆண்டு வரை இருந்தது. அந்தப் பயணங்களில் திக்ரும் ஸலவாத்தும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே நாவில் வரும். காற்று கிளம்பினால் கப்பல் முழுவதும் துஆ முழங்கும்.

மனிதனின் இந்த இயல்பைத் திருமறை பல இடங்களில் எடுத்துக் காட்டுகிறது. யூனுஸ் அத்தியாயத்திலும், அன்கபூத் அத்தியாயத்திலும் வரும் கருத்து இதுவே: நல்ல காற்றில் கப்பல் செல்லும்போது மகிழ்கிறார்கள், அலைகள் சூழ்ந்ததும் அல்லாஹ் ஒருவனையே கலப்பற்ற உள்ளத்தோடு அழைக்கிறார்கள், அவன் கரை சேர்த்ததும் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இன்றைய உல்லாசக் கப்பலிலோ அந்தத் தற்காலிக அச்சத்துக்கும் இடமில்லை. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்னும் கப்பலின் நீளம் 365 மீட்டர். அதில் 7,600 பயணிகள் வரை ஏறலாம். கப்பல்களை மலைகளுக்கு ஒப்பிட்டுத் திருமறை கூறியதை நம் காலத்தவர் கண்ணாலேயே காண்கிறார்கள். பெரிய கப்பல்களின் இரு மருங்கிலும் நீருக்கடியில் துடுப்புப் போன்ற தகடுகள் நீண்டு, ஆட்டத்தைத் தணிக்கின்றன. தேநீர்க் கோப்பை தளும்புவதில்லை. கடலில் இருக்கிறோம் என்ற நினைவே பலருக்கு வருவதில்லை. ஆயினும் காக்கும் கரம் மாறிவிடவில்லை. 2012ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் இரவு இத்தாலிக் கரையோரத்தில் 'கோஸ்டா கன்கார்டியா' என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் உயிரிழந்தார்கள்.

இவ்விடத்தில் ஹஜ்ரத் இக்ரிமா (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. அபூஜஹ்லின் மகனான அவர், மக்கா வெற்றியின்போது இஸ்லாத்தை ஏற்காமல் தப்பியோடிக் கப்பலேறினார். புயல் வீசியது. கப்பலில் இருந்தவர்கள், இங்கே உங்கள் தெய்வங்கள் எதுவும் உதவா, அல்லாஹ்வை மட்டுமே அழையுங்கள் என்றார்கள். இக்ரிமா சிந்தித்தார். கடலில் காப்பாற்றுபவன் அவன் ஒருவனே என்றால் தரையிலும் அவன் ஒருவனே அல்லவா? உயிர் பிழைத்தால் நேரே முஹம்மதின் கையில் கை வைப்பேன் என்று நேர்ந்துகொண்டு, அப்படியே வந்து இஸ்லாமானார்.

கடலில் கற்ற பாடத்தை அவர் கரைக்குக் கொண்டு வந்தார். நமக்கு இன்று வேண்டியது அதன் மறுபக்கம். தரையில் நம்மைப் பார்ப்பவன் அவனென்றால், 12 மைலுக்கு அப்பாலும் பார்ப்பவன் அவனே அல்லவா? புயல் வந்து நினைவூட்டினால்தான் நினைப்போம் என்றால், புயலே தெரியாத கப்பலில் நம்மை நினைவூட்டுவது யார்?

இரவல் தீன் பயனற்றதா?

ஒருவர் கேட்கலாம்: 'அப்படியானால் ஊருக்காகவும் பழக்கத்துக்காகவும் செய்த அமல்கள் எல்லாம் வீண்தானா? எங்களை நயவஞ்சகர் என்கிறீர்களா?' இல்லை. ஜமாஅத்தும் மஹல்லாவும் அல்லாஹ்வின் ரஹ்மத்துகள். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகுகிறது. அதற்காகச் சுவரைக் குறை சொல்வார் இல்லை. ஆனால் சுவர் இல்லாத இடத்தில் ஒரு நாள் நடந்து பார்த்தால்தான் கால் எவ்வளவு வலுப்பெற்றிருக்கிறது என்று தெரியும். கடலில் கழியும் அந்த நாளை இப்படியொரு பரீட்சையாக எடுத்துக்கொண்டால் அதுவும் பயனுள்ளதே.

இன்னொரு கவலையையும் தீர்க்க வேண்டும். சிலர் சிரிப்பையும் விளையாட்டையும் கண்டாலே ஈமான் குறைந்துவிட்டதாக அஞ்சுவார்கள். ஹஜ்ரத் ஹன்ளலா (ரலி) அவர்களுக்கும் இந்த அச்சம் வந்தது. நபிகளாரின் சபையில் சுவர்க்க நரகத்தைக் கண்முன் காண்பது போல் இருக்கிறது, வீட்டில் மனைவி மக்களோடு கலந்ததும் மறந்துபோகிறதே, நான் நயவஞ்சகனாகிவிட்டேனோ என்று கலங்கி வந்தார்கள். எப்போதும் அதே நிலையில் இருந்தால் வானவர்களே உங்களோடு கைகுலுக்குவார்கள். ஆயினும் அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள்.

'அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம்' என்பதன் உட்பொருளைக் கவனியுங்கள். நேரம் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். உல்லாசக் கப்பலின் பெரிய ஆபத்து, அங்கே நேரம் கரைந்து போவதுதான். எப்போதும் உணவு, எப்போதும் இசை. பகலும் இரவும் ஒன்றே. எல்லையில்லாத இன்பம் மாலைக்குள் சலித்துவிடுகிறது என்பதை அனுபவித்தவர் அறிவர். தொழுகை அந்த நாளை ஐந்தாகப் பிரித்து, விளையாட்டை மீண்டும் விளையாட்டாக்கித் தருகிறது.

குடும்பமே முஅத்தின்

பாங்கு கேட்காத இடத்தில் குடும்பத் தலைவரே முஅத்தினாக வேண்டும். அதற்கான ஏற்பாடுகளைப் புறப்படும் முன்பே தம் மத்ஹபின்படி உலமாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். லுஹர், அஸர், இஷா ஆகியவற்றைக் கஸராக இரண்டிரண்டு ரக்அத் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு. ஹனஃபிகள் அந்தந்த வக்தில் தொழுவார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஓடும் கப்பலில் உட்கார்ந்து தொழ இடமளித்தது, தலைசுற்றல் அங்கே பெரும்பாலும் நேர்வது என்ற காரணத்தால்தான். ஆட்டம் தெரியாத இக்காலக் கப்பலில் நின்று தொழுவதே பேணுதல்.

கிப்லாவையும் விசாரித்தறிய வேண்டும். வங்கக் கடலில் அது மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்திருக்கும். ஜித்தாவிலிருந்து செங்கடலில் வடக்கே சென்றவருக்கோ தென்கிழக்கில் இருக்கும். பிறந்தது முதல் மேற்கே பார்த்துத் தொழுத பிள்ளை, அங்கே கிழக்குப் பக்கம் திரும்ப நேரும்போது, நாம் நோக்கியது மேற்கை அல்ல, கஃபாவை என்று புரிந்துகொள்ளும். தொழுகையில் இருக்கும்போது கப்பல் திரும்புவது தெரிந்தால் தாமும் திரும்பிக்கொள்ள வேண்டும். மஃரிப் நேரத்தில் பிள்ளைகளை மேல்தளத்துக்கு அழைத்துச் சென்று, சூரியன் கடலில் மறைவதைக் காட்டுங்கள். அட்டவணையில் படித்த வக்தை அவர்கள் கண்ணால் காண்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாத கைகள்

ஒருவருடைய ஓய்வு நாள் இன்னொருவருக்கு உழைப்பு நாள் என்பதையும் மறந்துவிடலாகாது. முன்னே சொன்ன பெருங்கப்பலில் பணியாளர் மட்டும் சுமார் 2,350 பேர். கடல் தொழிலாளருக்கான 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்துள்ள குறைந்தபட்ச ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம். வாரத்தின் 168 மணியில் அது போக 91 மணி வரை வேலை வாங்க இடமிருக்கிறது! இப்படிப்பட்ட கப்பல்களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளின் பிள்ளைகள் தங்கள் குடும்பங்களை விட்டு மாதக் கணக்கில் உழைக்கிறார்கள். நம் குடும்பம் ஒன்றாயிருக்க, அவர்கள் குடும்பம் பிரிந்திருக்கிறது.

உணவு சமைத்த பணியாளர் அதன் வெப்பத்தையும் சிரமத்தையும் தாங்கியவராதலால் அவரை உடன் அமர்த்துங்கள், இல்லையேல் ஓரிரு கவளமாவது கொடுங்கள் என்பது நாயகத்தின் போதனை. கப்பலில் அவரை நம்மோடு அமர்த்த இயலாது. ஆனால் ஸலாமோ இன்சொல்லோ கூறலாம், பெயர் கேட்கலாம், அறையைக் குப்பையாக்காமல் விடலாம், பணம் கட்டியாயிற்றே என்று தட்டு நிறைய எடுத்துப் பாதியை எறியாமல் இருக்கலாம். நம்மை யாரும் பார்க்காத நாளில், நாம் பார்க்கத் தவறும் மனிதர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதும் அந்தப் பரீட்சையின் ஒரு பகுதிதான்.

குடும்பத்தோடு கடலேறுவது நம் மார்க்க வரலாற்றுக்கு அந்நியமன்று. தம் உம்மத்தினர் கடலேறிச் செல்வதை நாயகம் (ஸல்) அவர்கள் கனவில் கண்டு புன்னகைத்து எழுந்தபோது, நானும் அவர்களில் ஒருத்தியாக துஆச் செய்யுங்கள் என்று வேண்டியவர் உம்மு ஹராம் (ரலி) அவர்கள். பிறகு தம் கணவர் உபாதா (ரலி) அவர்களோடு கப்பலேறிச் சென்று, தரையிறங்கிய பின் வாகனத்திலிருந்து விழுந்து ஷஹீதானார்கள். சைப்ரஸ் தீவின் லார்னகாவில் அவர்கள் அடங்கியிருப்பதாகக் கூறப்படும் இடம் இன்றும் ஸியாரத் செய்யப்படுகிறது. அந்த அன்னையும் கடல் பார்த்தார்கள், நாமும் பார்க்கிறோம். எதற்காகப் பார்த்தோம் என்பதை நம் மனமே சொல்லட்டும்.

கப்பல்களைப் பற்றிப் பேசும் லுக்மான், ஷூரா அத்தியாயங்களில், பொறுமையாளரும் நன்றியுள்ளவருமான ஒவ்வொருவருக்கும் அவற்றில் அத்தாட்சிகள் உண்டு என்ற கருத்து வருகிறது. முற்காலக் கடல் பொறுமையைச் சோதித்தது. நம் காலக் கடல் நன்றியைச் சோதிக்கிறது. இரண்டாவது சோதனை எளிதென்று எண்ணிவிடாதீர்கள்; அது சோதனையென்றே தெரியாமல் வருவது.

தரையிலும் கடலிலும், கூட்டத்திலும் தனிமையிலும் தன்னை மறவாத நன்மக்களாக நம்மையும் நம் வீட்டாரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.