யார் செய்த வினை

"அவன் செஞ்ச வினை, இவ தலையில விடிஞ்சிருச்சு தாயி" என்றார் அந்தப் பாட்டி. ரத்தச் சோதனையின் முடிவை மருமகளிடம் தனியாகத்தான் சொல்லியிருந்தோம். வெளியே வந்தவள் அவளாகவே மாமியாரிடம் சொல்லிவிட்டாள். மகன் வடக்கே முறுக்குக் கம்பெனியில் வேலை பார்த்து, உருக்குலைந்து ஊர் திரும்பி இறந்துபோனவன். பாட்டி கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. நரிக்குடிப் பக்கம் மானாவாரிக் காட்டில் மழை பொய்த்தாலும் வினை என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தச் சொல் விழுந்ததும், அந்தப் பெண் முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

எச்.ஐ.வி. கிருமிக்கு ரத்தம் பார்க்கும் நம்பிக்கை மையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சீப்பு மாதிரி பல் வைத்த பிளாஸ்டிக் பட்டையில் அன்று சோதனை செய்வோம். ஆளுக்கு ஒரு பல். நுனியில் ஒரு புள்ளி மட்டும் தெரிந்தால் கிருமி இல்லை. அதன் கீழே இன்னொரு சிவப்புப் புள்ளி எழும்பினால், வேறு வேறு முறையில் இரண்டு சோதனை செய்து உறுதிப்படுத்துவோம். அந்தப் புள்ளி எழும்பும் வரை பார்த்துக்கொண்டே நிற்கும்போது எனக்குள் ஓடிய கேள்வியை இங்கே எழுதுகிறேன். திருச்சுழி துணைமாலையம்மன் சன்னிதியில் வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிறவள் நான். வினை என்று ஒன்று இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படியானால் இந்தப் பெண்ணின் ரத்தத்தில் எழும்பிய புள்ளி யாருடைய வினை?

கிருமி வந்த வழியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தெளிவு கிடைத்தது. கேமரூனின் தென்கிழக்குக் காட்டில் சிம்பன்சிக் குரங்கிடமிருந்து மனிதருக்கு வந்து, 1920-ஐ ஒட்டிக் காங்கோவின் கின்ஷாசா நகரிலிருந்து பரவத் தொடங்கியது என்று அதன் மரபணுவை வைத்தே கணித்திருக்கிறார்கள். அதிக காலம் குடியிருந்த இடத்தில்தான் அதிகம் கிளைத்திருக்கிறது. மற்ற நாடுகளில் ஓரிரு வகைதான் பெரும்பாலும் இருக்கும். காங்கோ படுகையிலோ ஏ, பி என்று எழுத்திட்டுப் பிரித்தவற்றில் பெரும்பாலான வகைகளும், அவை கலந்து பிறந்த கலப்பு வகைகளும் இருக்கின்றன. தென் ஆப்பிரிக்காவில் பரவியது சி வகை. நம் நாட்டில் இருப்பதும் மிகப் பெரும்பாலும் அதே சி வகைதான். தெற்கு ஆப்பிரிக்கக் கிளையிலிருந்து பிரிந்து வந்தது. தென் ஆப்பிரிக்கக் குவாசுலு-நட்டாலில் ஒரு தாயின் உடம்பில் இருப்பதும் திருச்சுழித் தாலுகாவில் ஒருத்தியின் உடம்பில் இருப்பதும் ஒரே வம்சம்.

இத்தனை கிளை எப்படி வந்தது? வெறும் எழுத்துப் பிழையால். ஒன்பதாயிரத்துச் சொச்சம் எழுத்துள்ள தன் மரபணு ஏட்டை அந்தக் கிருமி அவசரமாகப் படியெடுக்கிறது. பிழை திருத்தும் வசதி அதற்குக் கிடையாது. மருந்து எடுக்காத உடம்பில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோடி கிருமிகள் பிறக்கின்றன. பிழையோடு பிறந்ததில் எது நம் எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாமல் தப்புகிறதோ அது பெருகும். மேலுறைப் புரதம் மட்டும் வகைக்கு வகை நூற்றுக்கு 25 முதல் 35 வரை வேறுபடும். தட்டம்மைக்கு ஊசி கண்டுபிடித்த வழி இங்கே செல்லாமல் போனதற்கு இது பெரிய காரணம். இதில் எந்த இடத்தில் ஒழுக்கம் பார்க்கப்படுகிறது? கண்ணகியானாலும் மாதவியானாலும் பிழை அதே வேகத்தில்தான் விழுகிறது.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்தம் சேகரித்து, வேலூரில் சோதித்தபோதுதான் இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. நம் நாட்டு ஒழுக்கம் காப்பாற்றும், நமக்கு வராது என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. பாட்டி மருமகளைப் பற்றிச் சொன்னதை அன்று நாடே உலகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தது. பாட்டியை மன்னிக்கலாம், படித்தவர்கள் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் ஒன்று நினைவுபடுத்துவேன். 1879 டிசம்பர் 30-இல் இதே திருச்சுழியில், இன்று சுந்தர மந்திரம் என்கிற வீட்டில் பிறந்தவர் ரமணர். 1949-இல் அவர் இடது கையில் புற்றுக்கட்டி வளர்ந்தது. அறுவை செய்தார்கள், திரும்பத் திரும்ப வந்தது. 1950 ஏப்ரல் 14-இல் உடம்பை விட்டார். அந்தக் கட்டி அவர் பாவத்துக்கு வந்தது என்று சொல்ல இந்த ஊரில் யாருக்காவது நாக்கு எழும்புமா? அடியார் வினையைத் தான் ஏற்றார் என்போம். மகானுக்கு வந்தால் தியாகம், முறுக்குக் கம்பெனிக்காரன் மனைவிக்கு வந்தால் தண்டனையா? இது சமயம் இல்லை, ஆள் பார்த்து அளக்கிற படி.

வினை என்பது அடுத்தவர் உடம்பைப் பார்த்து நாம் படிக்கும் தீர்ப்பு என்பதை நான் விட்டுவிட்டேன். இனி நான் என்ன செய்யவேண்டும் என்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். இதை எனக்குக் காட்டியவர்கள் தடுப்பூசிச் சோதனைக்குக் கை நீட்டியவர்கள். 2006-இல் சென்னைச் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில், சி வகைக்கென்று செய்த தடுப்பூசியை நோயில்லாத நம் ஆட்கள் முதல்கட்டச் சோதனைக்காகப் போட்டுக்கொண்டார்கள். தென் ஆப்பிரிக்காவில் 2016-இல் தொடங்கிய பெரிய சோதனையில் 5,407 பேர் சேர்ந்தார்கள். தாய்லாந்தில் 2009-இல் ஓரளவு பலன் காட்டிய ஊசியைச் சி வகைக்குத் தகுந்தபடி மாற்றிப் போட்டார்கள். 2020 சனவரியில் கணக்குப் பார்த்தால், மருந்து ஊசி போட்டவர்களில் 129 பேருக்கும் வெற்று ஊசி போட்டவர்களில் 123 பேருக்கும் கிருமி தொற்றியிருந்தது. நிறுத்திவிட்டார்கள். கை நீட்டியவர்களுக்கு அந்த ஊசியால் ஒரு பலனும் இல்லை. பலனைக் கருதாமல் செய் என்று எத்தனையோ உபன்யாசம் கேட்டிருக்கிறேன். செய்து காட்டியவர்கள் சொவேட்டோவிலும் டர்பனிலும் இருக்கிறார்கள்.

சன்னிதியில் அவர்களுக்காக அர்ச்சனை செய்யச் சொல்வதுண்டு. குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்பார். தெரியாது சாமி என்பேன். "அப்போ அம்பாள் பேருக்கே பண்ணிடறேன்" என்பார்.

தடுப்பூசி தேடுகிறவர்கள் இப்போது வேறு வழியில் போகிறார்கள். எந்த வகையானாலும் மாற்றிக்கொள்ள முடியாத இடம் கிருமியின் மேலுறையில் கொஞ்சம் உண்டு. மனித உயிரணுவைப் பற்றிக்கொள்ளும் இடம் அதில் ஒன்று. அங்கே குறிபார்க்க உடம்பைப் படிப்படியாகப் பழக்கும் ஊசியை ருவாண்டாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் 18 பேரிடம் பார்த்து, முதல் படி பலிக்கிறது என்று 2025-இல் எழுதினார்கள். அதே 2025 சனவரியில் அமெரிக்க உதவிப்பணம் நின்றதால், ஆப்பிரிக்க விஞ்ஞானிகள் தாங்களே நடத்தவிருந்த பிரில்லியன்ட் என்ற தடுப்பூசித் திட்டம் தொடங்கும் வாசலில் நிறுத்தப்பட்டது. அவர்கள் சோதிக்க இருந்தது நம் கிருமியின் உடன்பிறப்புக்கான ஊசியை. அந்தச் செலவில் ஒரு பங்கை நம் அரசு ஏற்கவேண்டும். சேத்துப்பட்டில் 2006-இல் போட்டதுபோல் இன்னொரு ஊசி இங்கேயும் போடப்படவேண்டும்.