அடுத்த வீட்டுக் கிண்ணம்



சென்ற சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் தேவதிரவிய அனுமானங்களைப் பற்றி எழுதி வந்தோம். இந்த வாரம் உங்கள் அடுப்படிக்குள் வர உத்தரவு கேட்கிறோம். “சுவாமியாருக்கு அடுப்படியில் என்ன வேலை?” என்று தாய்மார்கள் சிரிக்கக்கூடும். வேலை இருக்கிறது. ஒரு வீட்டில் தினம் மூன்று வேளை என்று கணக்கு வைத்தாலும், வருஷத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் அடுப்பு மூட்டப்படுகிறது. ஞாயிறு பூசையோ வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு. ஆயிரம் தடவை நடக்கிற ஒரு காரியத்தில் ஆத்துமத்துக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

அடுப்படியில் ஜெயமும் உண்டு, தோல்வியும் உண்டு. நம் கிறிஸ்துமஸ் அதிரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போவதற்கு முன்னே மாவாக்கி, வெல்லப் பாகில் கொட்டிக் கிளற வேண்டும். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வரவேண்டும், அதுதான் பதம். பதத்துக்கு முன்னே இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து கரைந்து போகும். கொஞ்சம் பிந்தினாலோ பல்லுக்குச் சோதனை. முப்பது வருஷம் சுட்ட கைக்கும் ஒரு வருஷம் தப்பிப் போவதுண்டு. அதிரசமாவது வருஷத்துக்கு ஒரு தடவை. தினசரி இட்லி மாவு இருக்கிறதே, அது மார்கழிக் குளிரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் பொங்குவதில்லை. சித்திரையில் விடிவதற்குள் பாத்திரம் வழிந்து தரையெல்லாம் ஓடுகிறது. உப்புப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாந்தரம் உப்பு விழுந்த குழம்பு எந்த வீட்டில்தான் இல்லை?

இப்படித் தப்பிப் போன நாளில் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? அதைத்தான் முதலில் கேட்க விரும்புகிறோம். சில வீடுகளில் சிரித்துக்கொண்டே மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்கள். சில வீடுகளில் தட்டு நகர்த்தப்படுகிறது, “இதை மனுஷன் சாப்பிடுவானா?” என்ற சொல் வருகிறது. விடியற்காலை எழுந்து நின்ற ஒருத்தி அன்று முழுதும் அந்தச் சொல்லைச் சுமக்கிறாள். மறுநாள் குழம்பு எவ்வளவு ருசியாக அமைந்தாலும் அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. கணவன்மாரே, சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்லுகிற அதே வாய்தானே?

வேதாகமத்தில் ஒரு சமையல் தோல்வி எழுதப்பட்டிருப்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எலிசேயு தீர்க்கதரிசியின் காலம்; கில்கால் ஊரில் பஞ்சம். தீர்க்கதரிசியின் சீடர்கள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய பானையை ஏற்றிக் கூழ் காய்ச்சச் சொல்லுகிறார் எலிசேயு. கீரை பறிக்கப் போன ஒருவன், காட்டுக் கொடி ஒன்றைக் கண்டு, இன்னதென்று அறியாமல் அதன் காய்களை மடி நிறையக் கொண்டுவந்து அரிந்து பானையில் போட்டுவிட்டான். அது நம் தரிசு நிலங்களில் படர்கிற பேய்த்தும்மட்டியின் காய் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஒரு வாய் வைத்தவர்கள், பானைக்குள் சாவு இருக்கிறது என்று அலறினார்கள். பஞ்ச காலத்தில் ஒரு பெரிய பானை உணவு கெட்டுப்போவது சாதாரண நஷ்டமல்ல. எலிசேயு என்ன செய்தார்? காய் பறித்தவன் யார் என்று விசாரித்ததாக அங்கே எழுதியில்லை. மாவு கொண்டுவரச் சொன்னார், பானையில் போட்டார், எடுத்துப் பரிமாறச் சொன்னார். எல்லாரும் சாப்பிட்டார்கள். பறித்தவனும் பந்தியில் இருந்திருப்பான்.

நம் தாய்மார்களிடத்திலும் ஒரு குறை உண்டு. பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நின்று பேசும்போது நன்றாக வந்ததை மட்டும் சொல்லுகிறீர்கள். கேக் பொங்கி எழும்பினதைச் சொல்லுகிறவர்கள், நடுவிலே குழி விழுந்ததைச் சொல்லுகிறதில்லை. கலியாணமாகி வந்து ஆறு மாதமான ஒரு பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். உலகத்தில் தன் ஒருத்திக்குத்தான் முறுக்கு எண்ணெய் குடிக்கிறது, தன் ஒருத்திக்குத்தான் பால் அடிப்பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். வயதில் மூத்த ஒருவர், “எனக்கும் போன வாரம் அப்படித்தான் ஆயிற்று, அம்மா, எண்ணெய் காயுமுன்னே பிழிந்துவிட்டேன்” என்று சொன்னால் அவளுக்கு எவ்வளவு ஆறுதல்! உபாயமும் கிடைத்தது, ஒரு தாயும் கிடைத்தாள்.

உப்புக் கூடின குழம்புக்கு உபாயம் எல்லாருக்கும் தெரிந்ததே: இன்னும் கொஞ்சம் பருப்பு, இன்னும் கொஞ்சம் காய், இன்னும் கொஞ்சம் தண்ணீர். அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், உப்புச் சரியாகிறபோது குழம்பு இரண்டு மடங்காகிவிடுகிறது. அப்போதுதான் அடுத்த வீட்டு ஞாபகம் வருகிறது.

அப்படியாவது வரட்டும். மதில் சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் போவதும், அது காலியாகத் திரும்பாமல் நாலு கொய்யாப்பழமோ, ஒரு பிடி முருங்கைக்கீரையோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையோ ஏந்தி வருவதும் நம் ஊர்களின் அழகான வழக்கம். முன்னே ஓலைத் தட்டியும் முள்வேலியும் இருந்தன. கிண்ணம் எளிதாகப் போயிற்று. இப்போது ஆள் உயரத்துக்குச் சுவரும், இரும்புக் கதவும், மாடி வீடும் வந்துவிட்டன. மீந்த குழம்புக்குக் குளிர்ப்பெட்டி இருக்கிறது. மூன்று நாள் வைத்துச் சூடாக்கிச் சாப்பிடுகிறோமே தவிர, சுவருக்கு அப்பால் ஒருத்தி காய்ச்சலோடு படுத்திருக்கிறதை அறியோம்.

நம் ஆண்டவர் பரலோக இராச்சியத்தை ஒரு ஸ்திரீ மாவில் அடக்கிவைத்த புளிப்புக்கு ஒப்பிட்டார். இந்த உவமையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அவள் எடுத்த மாவின் அளவைக் கவனித்தோமா? மூன்று படி என்று நாம் சாதாரணமாக வாசித்துப் போகிறோம். மூல பாஷையில் உள்ள அளவு ஒன்றுக்கு ஏறக்குறைய 13 லிட்டர் கொள்ளும். மூன்று சேர்ந்தால் 39 லிட்டர். நம் முன்னோரின் மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், சுமார் மூன்று மரக்கால் என்று வைத்துக்கொள்ளலாம். சுட்டால் நூறு பேருக்கு மேல் சாப்பிடுகிற அப்பம். நாசரேத்தூரிலே எந்த வீட்டில் நூறு பேர் இருந்தார்கள்? அந்த ஸ்திரீ தன் வீட்டுக்கு மட்டும் மாவு பிசையவில்லை என்பது விளங்குகிறது. தம் தாயார் மாவு பிசைகிறதைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு பிள்ளைதான் இப்படி உவமை சொல்லும் என்று அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நமக்குத் தோன்றும்.

இதுவரைக்கும் எல்லாரும் சந்தோஷமாக வாசித்திருப்பீர்கள். இனிமேல் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம்.

கிறிஸ்துமஸ் நாளில் நம் வீடுகளிலிருந்து பலகாரத் தட்டு எல்லா வீட்டுக்கும் போகிறது. இந்து வீட்டுக்கும், முகமதிய வீட்டுக்கும் போகிறது. அவர்களும் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் மறவாமல் அனுப்புகிறார்கள். மெத்த நல்லது. ஆனால் அது வருஷத்துக்கு ஒரு நாள், அதுவும் நன்றாக வந்த பலகாரத்தைப் பொறுக்கி எடுத்து, மேலே கைக்குட்டை மூடி அனுப்புகிறது. தினசரிக் குழம்பு எந்தெந்த வீட்டுக்குப் போகிறது? எந்தெந்த வீட்டிலிருந்து வந்தால் வாங்குகிறீர்கள்? உள்ளங்கையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தப் பங்கிலே சில வீட்டார் கொடுக்கிற வாழைப்பழத்தை வாங்கிக்கொள்ளுகிறோம். கடையில் வாங்கின பிஸ்கோத்தையும் வாங்கிக்கொள்ளுகிறோம். அந்த வீட்டு அடுப்பில் வெந்தது வந்தால் மட்டும், “ஐயோ, இப்போதுதான் சாப்பிட்டோம்” என்கிறோம். வாசலில் வாங்கிக் கொல்லையில் கழுநீர்ப் பானைக்குள் கவிழ்க்கிறதும் உண்டு. எந்த வீடு, என்ன காரணம் என்று எழுத வேண்டியதில்லை. சாதி என்கிற இரண்டெழுத்து உங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

“சுவாமி, கோவிலில் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றுதானே நன்மை வாங்குகிறோம், அது போதாதா?” என்று சிலர் நினைக்கலாம். அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினதை வாசித்துப் பாருங்கள். அவர்களும் நற்கருணைக்காகவே ஒன்றுகூடினார்கள். ஆனால் கூடிச் சாப்பிடுகிற இடத்தில் ஒருவன் பசியோடிருக்க, இன்னொருவன் வயிறு புடைக்கத் தின்று குடித்தான். அப்படிக் கூடுகிறதினால் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்று அப்போஸ்தலர் கடிந்துகொண்டார்.

முதல் பாப்பானவராகிய அர்ச். இராயப்பரே இந்தச் சோதனையில் தடுக்கினார். செசாரேயாவில் கொர்னேலியுஸ் என்ற உரோமைச் சேனைத் தலைவன் வீட்டுக்கு அவர் போய், அந்த வீட்டாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தார். எருசலேமுக்குத் திரும்பி வந்தபோது அங்குள்ளவர்கள் அவர்மேல் என்ன குற்றம் சாட்டினார்கள் தெரியுமா? ஏன் ஞானஸ்நானம் கொடுத்தீர் என்று கேட்கவில்லை; அவர்கள் வீட்டுக்குள் போய் அவர்களோடு ஏன் சாப்பிட்டீர் என்று கேட்டார்கள். அப்போது இராயப்பர் உறுதியாகப் பதில் சொன்னார். பிறகு அந்தியோக்கியாவில், புறவினத்தாராயிருந்து மனந்திரும்பினவர்களோடு பந்தியில் இருந்து வந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள்; நல்லவரான பர்னபாசும் கூட விலகினார். சின்னப்பர் எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இது ஒளிவு மறைவில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. இராயப்பருக்கு அந்தச் சாப்பாட்டின்மேல் அருவருப்பு இருந்ததாக அங்கே இல்லை. பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம்தான். நம்மிலும் அநேகருக்கு அதே பயம்தான் என்று நினைக்கிறோம். தனியே கேட்டால், “எனக்கு ஒன்றுமில்லை சுவாமி, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்” என்கிறீர்கள். பெரியவர்களைக் கேட்டால், “எங்களுக்கு ஒன்றுமில்லை, சம்பந்தி வீட்டார் பார்ப்பார்கள்” என்கிறார்கள்.

பிள்ளைகளிடத்தில் இந்தப் பயம் இல்லை. 1956-ஆம் ஆண்டு காமராசர் காலத்தில் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு வந்தது; 1982-இல் அது சத்துணவாக விரிந்தது; 2022 முதல் காலை உணவும் வந்திருக்கிறது. மூன்று தலைமுறைப் பிள்ளைகள் ஒரே பானைச் சோற்றை வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோகிற பிள்ளைகளும் மூடியைத் திறந்தவுடன் ஆளுக்கு ஒரு வாய் மாற்றிக்கொள்ளுகிறார்கள். எந்தத் தெரு என்று கேட்கக் கற்றுக்கொடுப்பது நாம்தான்.

திபேரியாக் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். இராப்பொழுது முழுதும் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் சோர்ந்துபோன சீடர்கள், விடியற்காலையில் ஆண்டவர் சொற்படி வீசி 153 பெரிய மீன்களோடு கரை ஏறினார்கள். அங்கே கரி நெருப்பின்மேல் மீனும், கூடவே அப்பமும் இருந்தன. உயிர்த்த ஆண்டவர் தாமே காலை ஆகாரம் தயாராக்கி வைத்திருந்தார். ஆயினும், நீங்கள் பிடித்ததிலும் சிலவற்றைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டு வாங்கினார். இராயப்பர் அதற்குச் சில நாட்களுக்கு முன்னே, பிரதான குருவின் முற்றத்தில், இதேபோல ஒரு கரி நெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டு ஆண்டவரை மறுதலித்தவர். மறுதலித்தவனுக்கும் சமைத்து வைத்து, சாப்பிட வா என்றார் ஆண்டவர். விசாரணை முதலில், சாப்பாடு பிறகு என்று வைக்கவில்லை. சாப்பிட்டு முடித்த பின்பே, என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார்.

வருகிற அக்டோபர் செபமாலை மாதாவின் மாதம். வழக்கம்போல் மாதா சுரூபம் ஒவ்வொரு சாயந்திரமும் வீடு வீடாகப் போகும். செபமாலை முடிந்ததும் அந்தந்த வீட்டார் தங்களால் இயன்ற சுண்டலும் காப்பியும் கொடுப்பது நமக்குப் பழக்கம். வாய்க்காலுக்கு அப்பால் உள்ள தெருவில் மாதா தங்குகிற நாட்களில் மட்டும், பிரார்த்தனை முடிந்தவுடன் பாதிப் பேரைக் காணோம். மீதிப் பேரில் சிலருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிடுகிறது. மெய்யாகவே வியாதி உள்ளவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் வைத்தியர் சொற்படி நடக்கட்டும். ஒரு தெருவுக்குள் போனால் மட்டும் வருகிற சர்க்கரை வியாதி எந்த வைத்திய புஸ்தகத்திலும் இல்லை.

ஆகையால் இந்த வருஷம் செபமாலையை அந்தத் தெருவிலிருந்தே தொடங்குகிறோம். முதல் நாள் சாயந்திரம் ஆறரை மணிக்கு நாமும் வருவோம். கடையில் வாங்கின பொட்டலம் வேண்டாம், அடுப்பில் ஆனதே போதும் என்று சொல்லியிருக்கிறோம். பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்போம். உங்கள் வீட்டிலிருந்தும் எதையாவது ஒரு கிண்ணத்தில் கொண்டுவாருங்கள். அன்று வீட்டில் என்ன ஆயிற்றோ அது போதும். அந்த முதல் வீட்டு அம்மாளுக்கு இப்போதே கவலை பிடித்துவிட்டது: இத்தனை பேர் வருகிற நாளில் கடலை வேகாமல் போனால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பழைய கடலையாயிருந்தால் அப்படித்தான் ஆகும். புதுக் கடலையாக வாங்கி, முந்தின ராத்திரியே ஊறப்போடச் சொல்லியிருக்கிறோம்.