சிப்பியிடம் கேட்டீர்களா?

மேடைப் பேச்சாளர்களுக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. சிப்பிக்குள் ஏதோ ஒரு உறுத்தல் புகுந்துகொள்ளும். சிப்பி புலம்பாது. அதன் மேல் பளபளப்பாகப் பூசிப் பூசி முத்தாக்கிவிடும். 'நீங்களும் வலியை முத்தாக்குங்கள்!' உடனே கைதட்டல்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு மீதிக் கதை தெரியும். 1961 வரை முத்துக்குளிப்பு நடந்த கடற்கரை அது. மூச்சை அடக்கி மூழ்கி அள்ளி வந்த சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிடுவார்கள். பிறகு கழுவித் தேடுவார்கள். பெரும்பாலானவற்றில் முத்தே இருக்காது. இருந்தாலும் அது யார் கழுத்துக்கோ போகும். சிப்பிக்கு என்ன கிடைத்தது?

1973-ல் அதே தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் முத்தை வளர்த்தே காட்டினார்கள். சிப்பிக்குள் ஒரு மணியை வைக்கும் சின்ன ஆபரேஷன். உறுத்தலை நாமே உள்ளே வைத்தோம்!

எதற்கு இந்தச் சிப்பிப் புராணம் என்கிறீர்களா? ஆபரேஷனுக்குப் பிறகு உறுத்தலோடு வாழும் சில மனிதர்களுக்காகத்தான்.

கண்ணாடியைத் தூக்கிப்போட உதவும் லேசிக் சிகிச்சை தெரியும் அல்லவா? எக்ஸைமர் லேசர் உயிர்த்திசுவைக் கருக்காமல் சீவும் என்று 1981-ல் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். ஐ.பி.எம். விஞ்ஞானி. முதலில் சோதித்தது, விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கறியில்! எத்தனையோ பேருக்கு அது வரம்.

ஆனால், கருவிழியில் நரம்பு முனைகள் மிக நெருக்கம். 'காய்கிறது, கண்ணீர் அனுப்பு' என்று சேதி சொல்பவை அவைதான். லேசிக்கில் மெல்லிய மடலாக மேல்பகுதியை வெட்டித் திறக்கும்போது அவையும் அறுபடுகின்றன. பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடுகிறது. சிலருக்கு ஆவதில்லை.

2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 95 சதவிகிதத்துக்கு மேல் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில், முன்பு கண் உலர்வே இல்லாதவர்களில் 28 சதவிகிதம் பேர் வரை, மூன்றாவது மாதத்தில் உலர்வு இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டும் உண்மை.

அந்தச் சிலரில் ஒருவர் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உப்பளத்துக் காற்று, வெள்ளை உப்புக் குவியலில் பட்டுத் தெறிக்கும் வெயில். கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். ஆஸ்பத்திரி போர்டில் கடைசி வரி வரை படித்துவிடுகிறார். வீட்டில் என்ன சொல்வார்கள்?

"கண்ணாடி இல்லாமலே பளிச்சுன்னு தெரியுதுல்லா? பெறவென்ன? பார்வையே இல்லாம எத்தனை பேரு இருக்காக!"

இங்கேதான் கேள்வி. நன்றி சொல்ல வேண்டியவருக்கு, 'வலிக்கிறது' என்று சொல்ல உரிமை கிடையாதா?

அடுத்தவர் பட்டினி கிடக்கிறார் என்பதால் என் பசி அடங்கிவிடாது. பார்வை கிடைத்தது லாபம்தான். அதற்காக எரிச்சல் பொய்யாகிவிடாது. இமையில் காகிதத்தைச் செருகி, ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று கண்ணீரை அளக்கலாம். வலியை அளக்க முடியாது. சோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் துடிப்பவர்கள் உண்டு. அங்கே அவர் வார்த்தைதான் சாட்சி.

யோசித்துப் பாருங்கள். நாம் சொல்லும் ஆறுதல் பல சமயம் நமக்கே சொல்லிக்கொள்வது. எதுவும் செய்ய முடியாத சங்கடத்திலிருந்து தப்பிக்க, அவசரமாக ஒரு தத்துவம். வலியைச் சுமப்பவர் என்றாவது, 'இதில் ஒன்று கற்றுக்கொண்டேன்' என்று தானாகச் சொன்னால் காது கொடுங்கள். அது அவருடைய முத்து. முன்கூட்டியே கேட்டு வாங்க நமக்கு உரிமை இல்லை.

பின்னே என்னதான் செய்வது? நம்புங்கள். மறுபடி டாக்டரைப் பார்க்கக் கிளம்பினால் கூடப் போங்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், உபதேசத்துக்கு முன்னால் எழுந்துபோய், அவர் முகத்துக்கு நேரே சுழலும் டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.