யார் கற்றுக்கொள்ள வேண்டும்?

‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று வெகு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். புத்திமதியைப் பிள்ளை கேட்கவில்லை என்றாலும் சரி, எழுதிப் போட்ட மனுவுக்குப் பதில் வரவில்லை என்றாலும் சரி, அந்தப் பழமொழி உடனே நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் காது கேளாதவர். மற்றவர் சங்கு ஊதுகிறவர். குற்றம் முழுவதையும் முதலாமவர் தலையில் சுமத்திவிட்டு, இரண்டாமவரைப் பரிதாபத்தோடு பார்க்கிறோம். கேளாத காது என்று தெரிந்த பிறகும் அங்கே போய் ஏன் சங்கை ஊதினாய், கையை அசைத்துக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது அமெரிக்க டெலிவிஷனில் வந்த ஒரு விஞ்ஞானக் கதை. விஞ்ஞானக் கதை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஆகாயக் கப்பல்களும் வேற்றுக்கிரகவாசிகளும் மேல்பூச்சுத்தான். அந்தப் பூச்சைச் சற்றுச் சுரண்டினால் உள்ளே இருப்பது நம் வீட்டுக் கூடத்தில் நடக்கும் சங்கதிதான்.

‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற தொடரில் 1989 ஜனவரியில் ஒளிபரப்பான ஒரு கதையின் பெயர் ‘லவுட் அஸ் எ விஸ்பர்’. அதன் நாயகன் ரீவா. பகைவர்களிடையே சமாதானம் பேசி வைப்பதில் பெரும் புகழ் பெற்றவன். அவனுக்குப் பிறவியிலிருந்தே காது கேளாது. எப்போதும் அவனுடன் மூன்று பேர் வருவார்கள். அவன் மனத்தில் எழுவதை அந்த மூவரும் வாய்விட்டுச் சொல்வார்கள். அறிவோடு பேச வேண்டியதை ஒருவன் பேசுவான். ஆசையையும் கோபத்தையும் இன்னொருவன் பேசுவான். இரண்டையும் இணைத்து இதமாகப் பேசுகிறவள் ஒரு பெண்.

தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டு வரும் இரு கூட்டத்தாரிடையே தூது போகிறான் ரீவா. போன இடத்தில், சமாதானத்தை விரும்பாத ஒருவன் சுட்டுவிடுகிறான். மூவரும் மாண்டு போகிறார்கள். ரீவா தப்பித்துவிடுகிறான், ஆனால் தப்பித்ததில் என்ன பிரயோஜனம்? கைகள் படபடவென்று அசைகின்றன. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கப்பலில் இருப்பவர்கள் எத்தனையோ வேற்றுக்கிரகப் பாஷைகளை யந்திரத்தின் தயவால் நொடியில் புரிந்துகொள்கிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் எதிரே நிற்கும் ஒரு மனிதனின் கைகளைப் படிக்கத் தெரியாமல் விழிக்கிறார்கள்! கடைசியில் அங்கே இருக்கும் யந்திர மனிதன்தான் சைகை மொழியைக் கற்றுக்கொண்டு வந்து அவனோடு பேசுகிறான்.

முடிவு என்ன தெரியுமா? ரீவா தன்னந்தனியாகப் போர்க்களத்துக்குத் திரும்பிப் போகிறான். இரண்டு கூட்டத்தாருக்கும் தன்னுடைய சைகை மொழியைக் கற்பிக்கப் போவதாகச் சொல்கிறான். மாதக் கணக்கில் ஆகலாம். ஆனால் அவனோடு பேசக் கற்றுக்கொள்ளும்போதே அவர்கள் ஒருவரோடொருவர் பேசவும் கற்றுக்கொண்டுவிடுவார்கள் என்பது அவன் கணக்கு.

ரீவாவாக நடித்த ஹோவி சியாகோ உண்மையிலேயே காது கேளாதவர். முதலில் எழுதப்பட்ட கதையில் ரீவா கடைசியில் வாய் திறந்து பேசக் கற்றுக்கொள்வதாக இருந்தது. சியாகோ அதை ஆட்சேபித்தார், முடிவு மாறியது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த மாற்றத்தைப் பற்றி வெகு நேரம் யோசித்திருக்கிறேன். ஊமை பேசிவிட்டான் என்று முடிப்பதில் கதாசிரியனுக்கு ஒரு லாபம் உண்டு. பார்க்கிறவர்கள் கண்ணீர் விடுவார்கள். மனம் நிறைந்து எழுந்து போவார்கள். ஆனால் அந்த முடிவில் மாறியவன் ஒருவன்தான். சுற்றி நின்ற அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, அவன் தங்களிடம் வந்து சேர்ந்துவிட்டதற்காகக் கைதட்டுகிறார்கள். சியாகோவின் முடிவில், கேட்கிறவர்கள் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. இரண்டு முடிவுகளுக்கும் நடுவே இருப்பது கதை உத்தி பற்றிய தகராறு அல்ல. இரண்டு பேருக்கு நடுவே பள்ளம் இருந்தால் பாலம் கட்டும் வேலை யாருடையது என்ற தர்மக் கேள்வி அது.

அந்தக் கேள்விக்கு உலகம் வெகு காலம் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில், காது கேளாதோர் கல்வியைப் பற்றி ஒரு சர்வதேச மகாநாடு கூடியது. வந்திருந்த பிரதிநிதிகள் 160 பேருக்கு மேல். அவர்களில் காது கேளாதவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. பள்ளிகளில் சைகை மொழி கூடாது, வாய்ப்பேச்சுத்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அதன் விளைவாகப் பல நாடுகளில் குழந்தைகளின் கைகள் கட்டிப்போடப்பட்டன. சில பள்ளிகளில் நிஜமாகவே கட்டினார்கள். பாடம் படிக்க வேண்டிய வயதெல்லாம், தன் காதில் விழாத ஓசையைத் தன் தொண்டையில் உண்டாக்கும் வித்தையிலேயே கழிந்தது. அதே மகாநாட்டின் வழிவந்த சபை 2010-இல் கானடாவின் வான்கூவர் நகரில் கூடி, அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நடுவே போனவை 130 வருஷங்கள்.

இதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர் என்பதுதான் நம்மைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டிய விஷயம். டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தாயாருக்குக் காது கேட்காது, மனைவிக்கும் கேட்காது. இரண்டு பேரிடமும் உயிரையே வைத்திருந்தார். ஆயினும் சைகை மொழியின் பலமான எதிரிகளில் அவர் ஒருவர். கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே கூடிப் பழகி மணந்துகொண்டால் மனித குலத்தில் கேளாத ஓர் இனமே தோன்றிவிடும் என்று 1883-இல் எச்சரித்தார். அன்பு இருந்தது, ‘இவர்கள் என்னைப் போல ஆகிவிட வேண்டும்’ என்ற அன்பு. நம் வீடுகளில் பிள்ளைகளிடமும் மருமகள்களிடமும் நாம் காட்டும் அன்பும் பெரும்பாலும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான்.

சைகைகள் வெறும் கையாட்டல் அல்ல, இலக்கணம் உடைய முழுமையான மொழி என்பதை வில்லியம் ஸ்டோகி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960-இல் ஆராய்ந்து எழுதினார். அவர் பணியாற்றிய காலடெட் கல்லூரி 1864-இல் காது கேளாதவர்களுக்காகவே அமைந்தது. அப்படிப்பட்ட இடத்துக்கே, கேளாதவர் ஒருவர் தலைவராக வர 1988 மார்ச் வரையில் 124 வருஷங்கள் ஆயின. அதுவும் சும்மா வரவில்லை. கேட்கும் ஒருவரை நிர்வாகம் நியமித்தபோது, மாணவர்கள் வாயிற்கதவுகளை அடைத்து ஒரு வாரம் போராடிய பிறகே வந்தது. ரீவாவின் கதை டெலிவிஷனுக்கு வந்தது அதற்குப் பத்து மாதம் கழித்து.

சரி, ஒருவனுக்காக ஊரே ஒரு மொழியைக் கற்றுக்கொள்ளுமா? இது கதைக்குச் சரி, காரியத்துக்கு ஆகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஓர் ஊர் கற்றுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் கரையை ஒட்டி மார்த்தாஸ் வினியார்ட் என்று ஒரு தீவு. அங்கே பரம்பரை காரணமாகப் பல தலைமுறைகளாகக் காது கேளாதவர்கள் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தீவில் சுமார் 155 பேருக்கு ஒருவர் அப்படி இருந்தார். ஆகவே காது நன்றாகக் கேட்பவர்களும் சிறு வயதிலேயே கைமொழி கற்றார்கள். மீன் பிடிக்கப் போனவர்கள் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கையாலேயே பேசிக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் வாத்தியார் முதுகுக்குப் பின்னால் கையால் வம்பளந்தார்கள். அந்த வழியில் வந்த கடைசிக் கேளாதவர் 1952-இல் காலமானார். பின்னாளில் நோரா குரோஸ் என்ற பெண்மணி போய்த் தீவின் முதியவர்களை விசாரித்து 1985-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இன்னார் காது கேட்டவரா, கேளாதவரா என்பதையே சிலர் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் நல்ல மீனவர், நல்ல அண்டைவீட்டுக்காரர் என்பது ஞாபகம் இருந்தது; காது விஷயம் ஞாபகம் இல்லை! பெல்லும் அந்தத் தீவை ஆராய்ந்தவர்தான். அவர் தேடிப் போனது பரம்பரைக் காரணத்தை.

விஞ்ஞானக் கதைகள் எல்லாமே தர்மத்தின் பக்கம் நிற்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றில் ஒரு பழக்கம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பிரிட்டிஷ் தொடரான ‘டாக்டர் ஹூ’வில் 2015 அக்டோபரில் இரண்டு பகுதிகளாக ஒரு கதை வந்தது. கடலடித் தளம் போன்ற ஓர் இடத்துக்குத் தலைமை தாங்கும் காஸ் என்ற பெண் அதில் வருகிறாள். நடித்தவர் ஸோபி ஸ்டோன், அவரும் கேளாதவரே. அங்கே உலவும் ஆவிகள் சத்தமின்றி வாயை அசைக்கின்றன. உதட்டசைவைப் படித்து அவை சொல்வது இன்னதென்று கண்டுபிடிப்பவள் காஸ். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுடைய கேளாமை கதைக்கு உதவுவதனால்தான் அவளுக்கு மரியாதையா? ரீவாவும் தன் குறையை நிறையாக மாற்றிக் காட்டிய பிறகே வெற்றி பெறுகிறான். எந்த ஆவியின் உதட்டையும் படிக்கத் தெரியாத, எந்தப் போரையும் நிறுத்த முடியாத, சாதாரணக் குமாஸ்தாவான கேளாத மனிதருக்கு என்ன வழி? காது கேட்கும் நம்மில் எவரும் உலகத்தைக் காப்பாற்றிக் காட்டிய பிறகுதான் பிறர் நம்மோடு பேச வேண்டும் என்று நிபந்தனை இல்லையே! அதே தொடரில் 2025 ஏப்ரலில் வந்த கதை ஒன்றில் ரோஸ் ஐலிங்-எல்லிஸ் என்ற கேளாத நடிகை ஒரு சமையற்காரியாக வருகிறார். எதிரே பேசுகிறவர்களின் வார்த்தைகள் எழுத்தாகத் தெரியும்படி யந்திரங்கள் இருக்கின்றன. அவள் மேதையும் அல்ல, தூதரும் அல்ல; பயந்துபோன ஒரு பெண். நாம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறோம் என்று தோன்றியது.

இன்னொரு பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ‘என் குழந்தைக்குக் காது கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது பாவமா?’ என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வது? பாவம் இல்லை, அம்மா. ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறினால் பிறவியிலேயே கேளாதிருந்த சில குழந்தைகளுக்குச் சிகிச்சையின் மூலம் கேட்கும் சக்தி வந்ததாக 2024-இல் வைத்தியர்கள் வெளியிட்டார்கள். விஞ்ஞானக் கதையை நிஜம் தொட்டுவிட்டது. அந்தச் சிகிச்சையை மறுக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ரீவாவின் கதையிலேயே ஓர் அழகான கிளைக்காட்சி உண்டு. கண் தெரியாமல் கருவி அணிந்து வேலை பார்க்கும் ஜார்டி என்ற இஞ்சினீயருக்கு, உனக்கு இயற்கைக் கண்ணே வரவழைக்க வழி இருக்கிறது என்கிறார் கப்பலின் டாக்டரம்மாள். அவன் துள்ளிக் குதிக்கவில்லை. யோசிக்க வேண்டும் என்கிறான். சிகிச்சை என்பது வேண்டுகிறவனுக்குக் கிடைக்கும் கொடையாக இருக்கட்டும். அவனோடு பேசுவதற்கு நாம் விதிக்கும் கட்டணமாக ஆகிவிடக் கூடாது.

ஏன் நமக்கு யந்திரத்தின் மேல் இத்தனை பிரியம்? யந்திரம் வாங்கித் தருவதற்குப் பணம் போதும். ஒரு மொழியைக் கற்பதற்குப் பொழுது வேண்டும். அதைவிட முக்கியமாக அகங்காரம் குறைய வேண்டும். ஐம்பது வயதில் விரலை மடக்கத் தெரியாமல் தடுமாறி, எதிரில் இருப்பவர் சிரிக்கத் திரும்பவும் செய்ய வேண்டும். தானம் கொடுக்கும்போது நம் கை மேலே இருக்கிறது. கற்றுக்கொள்ளும்போது கீழே இறங்கிவிடுகிறது. திருவள்ளுவர் கேள்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார். குறிப்பறிதலுக்கு இரண்டு அதிகாரங்கள் வைத்தார். காதால் கேட்பதைப் போலவே கண்ணாலும் மனத்தாலும் கேட்பது உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இது யாரோ எங்கேயோ இருப்பவர்களின் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது. 2050-க்குள் உலகில் ஏறக்குறைய 250 கோடிப் பேருக்கு, அதாவது நால்வரில் ஒருவருக்கு, ஏதாவது ஓர் அளவில் காது மந்தம் இருக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் கணக்கிட்டது. மூப்பு வரும்போது நம்மில் பலர் அந்தக் கூட்டத்தில் சேரப்போகிறோம்.

இன்றைக்கே பல வீடுகளில் அது நடந்துகொண்டிருக்கிறது. இரவுச் சாப்பாட்டு வேளை. எல்லோரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த தாத்தா தலை நிமிர்ந்து, “என்னடா சொன்னான்?” என்று கேட்கிறார். “ஒன்றுமில்லை தாத்தா, சும்மா ஏதோ பேசிக்கொண்டிருந்தோம்” என்று பேரன் உரக்கக் கத்துகிறான். தாத்தாவும் சிரித்துவைக்கிறார், எதற்கென்று தெரியாமலே. அந்த ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லில் எத்தனை வார்த்தைகளை நாம் அவரிடமிருந்து மிச்சம் பிடித்துக்கொள்கிறோம்! எழுந்து போய் எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, கையால் காட்டியோ ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியோ அந்த வேடிக்கையை அவருக்குச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். சோறு ஆறிவிடாது.